'கட்டட அமைதி' என்பதில் உள்ள 'அமைதி' எது?

வினா:
கோயிற்கலை பற்றிய நூல்களில் 'கட்டட அமைதி', 'சிற்ப அமைதி' என்னும் தொடர்கள் அடிக்கடி வருகின்றன. 'சோழர் காலக் கட்டட அமைதியில் எழுந்த விமானம்' என்று படிக்கும்போது, அங்கே சந்தடியின்மை பேசப்படவில்லை என்பது தெளிவு. வகுப்பறையில் ஆசிரியர் 'அமைதி!' என்று அதட்டுவதும் இதுவும் ஒரே சொல்தானா? விளக்கினால் நன்றியுடையேன்.

மறுமொழி 1:
ஒரே சொல்தான். 'அமை' என்னும் வினைக்குப் பொருந்துதல், நிறைதல், அடங்குதல் எனப் பல பொருள்கள் உண்டு. 'அவளுக்கு நல்ல வரன் அமைந்தது', 'அவனுக்குச் சரியான வேலை அமையவில்லை' என்று நாம் அன்றாடம் பேசுவதும் அந்த வினையைத்தான். 'அமைந்தாங் கொழுகான் அளவறியான்' என்னும் 474ஆம் குறளில், அயல் வேந்தரோடு பொருந்தி நடவாதவன் என்றே பரிமேலழகர் உரை கொள்கிறார்.

இலக்கணத்தில் வரும் 'வழுவமைதி' இன்னும் நல்ல சான்று. ஒரு பசுவைப் பார்த்து 'என் அம்மை வந்தாள்' என்றால் அஃறிணையை உயர்திணையாகச் சொன்ன வழு நேர்கிறது. ஆயினும் உவப்பினால் சொன்னதால் அதை ஏற்றுக்கொள்ளலாம் என்று நன்னூலார் இடம் தருகிறார். பிழை பொருத்தமாகிவிடுவதே அங்கே அமைதி. உறுப்புகள் ஒன்றோடொன்று இயைந்து நிற்பது கட்டடத்துக்கு அமைதியாவது போல, அலைபாயாமல் தன் நிலையில் நிற்பது மனத்துக்கு அமைதியாகிறது. ஓசையின்மை என்பது இச்சொல்லின் ஒரு பக்கம் மட்டுமே என்பது என் உறுதியான கருத்து.

மறுமொழி 2:
மேலே சொன்னதை ஏற்கிறேன். ஆனால் இக்கால வழக்கில் எல்லைகள் சற்று இறுகியுள்ளன என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 'அமைதியாகப் பேசினார்' என்னலாம், 'மௌனமாகப் பேசினார்' என்று சொல்ல முடியாது. ஏனெனில் மௌனம் பேச்சையே விலக்குகிறது, அமைதி பேச்சின் பதற்றத்தை மட்டும் விலக்குகிறது. மகனிடம் 'நிதானமாக வண்டி ஓட்டு' என்கிறோம். 'அமைதியாக ஓட்டு' என்றால், வாயை மூடிக்கொண்டு ஓட்டச் சொன்னதாகவே அவன் எடுத்துக்கொள்வான். 'சமாதானம்' என்பதோ, 'தாமதத்துக்கு ஒரு சமாதானம் சொன்னான்' என்னும்போது சாக்கு என்றே பொருள்படுகிறது.

மறுமொழி 3:
'அமைதி' என்னும் சொல்லே வராமல் மன அமைதியைச் சொன்ன இடம் ஒன்று உண்டு. நரை தோன்றாத காரணத்தைக் கூறும் பிசிராந்தையார், தம் ஊரில் 'ஆன்றவிந் தடங்கிய கொள்கைச் சான்றோர்' பலர் வாழ்வதையும் அதில் சேர்க்கிறார் (புறநானூறு 191). நிறைதல், தணிதல், அடங்குதல் என்று மூன்று வினைகளை அவர் அடுக்குகிறார். 'அமை' என்னும் வினையின் பொருள்களாக முதல் மறுமொழியில் சொல்லப்பட்டவற்றுள் நிறைதலும் அடங்குதலும் இங்கேயும் உள்ளன.