புதுப்பிப்பு: இங்க்ஸ்கேப்பில் கோலக் கோடு இரட்டைக் கோடாக வந்த விவகாரம்

பதில் போட்ட எல்லாருக்கும் நன்றி. தெரியாதவர்களுக்கு: தீபாவளிக்கு எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி புளோக் கீழ்த்தளத்தில் ஒட்ட, அம்மா போட்ட சிக்குக் கோலத்தை ஸ்கேன் செய்து, இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் வெக்டராக்கினேன் (கோடுகளாலான படமாக மாற்றினேன்). ஒவ்வொரு கோட்டுக்கும் இரண்டு ஓரமும் தனித்தனிக் கோடாக வந்ததால் பேனா பிளாட்டர் (பேனாவைப் பிடித்து வரையும் இயந்திரம்) இரட்டையாக வரைந்தது.

தீர்த்து வைத்தது 'சென்டர்லைன் டிரேசிங்' என்று சொன்ன அக்காவின் யோசனைதான். படத்தைக் கோடுகளாக்கும் டிரேஸ் பிட்மேப் கட்டளையில் ஒற்றை ஸ்கேன் பகுதியில் இருக்கிறது, 1.0 பதிப்புக்கு முந்தையவற்றில் தேடாதீர்கள். கோட்டின் நடுவில் ஒரே பாதை, அவ்வளவுதான்.

ஆனால் சிக்குக் கோலமாச்சே, கோடுகள் குறுக்கிடும் இடமெல்லாம் பாதை துண்டாகிவிட்டது. எல்லாவற்றையும் தேர்ந்து கன்ட்ரோல்+கே அழுத்தி ஒரே பாதையாக்கி, அப்புறம் நோட் (பாதையிலுள்ள புள்ளி) கருவியில் எதிரெதிர் முனைகள் இரண்டைத் தேர்ந்து ஷிஃப்ட்+ஜே அழுத்தி இணைத்தேன். பொறுமை வேண்டும்.

எதிர்பாராத ஒன்று: நோட்களைக் குறைக்கும் சிம்ப்ளிஃபை (கன்ட்ரோல்+எல்) கட்டளையை அடுத்தடுத்து வேகமாக அழுத்தினால் ஒவ்வொரு முறையும் அதன் தீவிரம் கூடுகிறது. வளைவெல்லாம் உருகிய ஜிலேபி! ஒரு முறை அழுத்தி, சற்று இடைவெளி விட்டு அடுத்ததை அழுத்துங்கள்.

கையால் பெசியர் (வளைகோடு வரையும்) கருவியில் மேலே வரையச் சொன்ன தம்பி, சின்னக் கோலத்துக்கு உங்கள் வழியே சுலபம்.