பழைய தோட்ட டிராக்டர்: கியர்பாக்ஸ் கேஸ்கட்டில் எண்ணெய் கசிகிறது

டோங்காட் கோவில் தொண்டன்:
வணக்கம். எங்கள் மாரியம்மன் கோவில் வளாகத்துப் புல்லை வெட்டுவது நாற்பது வயதைக் கடந்த ஒரு தோட்ட டிராக்டர். கரும்பு ஆலையில் ஓய்வு பெற்றபோது கிடைத்த பணத்தில் அப்பா வாங்கிக் கொடுத்தது. அதன் கியர்பாக்ஸ் இரண்டு வார்ப்பிரும்புப் பாதிகள், நடுவே எண்ணெய் கசியாமல் அடைக்கும் காகிதக் கேஸ்கட். அந்த இணைப்பின் அடியில் எண்ணெய் கசிகிறது. காலையில் கொட்டகையைத் திறந்தால் சிமெண்டுத் தரையில் தோசை அளவுக்குக் கறை. போன வருடம் ஒருவர் வெளியே சிலிகான் பூசினார், ஒரு மாதத்தில் உரிந்துவிட்டது. ஆடிக் கூழ்ப் பூசைக்கு ஆறு வாரம் இருக்கிறது. இந்த மாடலுக்குக் கேஸ்கட் எங்கும் இல்லை என்கிறார்கள். நானே பிரிக்கலாமா? அப்பா நினைவாக இருக்கும் வண்டி, விற்க மனமில்லை.

வெருலம்வாசி:
வெளிப்பூச்சு நிற்காது, அண்ணா. எண்ணெய் உள்ளிருந்து தள்ளிக்கொண்டு வருகிறது. பிரித்துத்தான் ஆக வேண்டும்.

ஆலைப் பட்டறை ஃபிட்டர் (ஓய்வு):
தம்பி, அவசரப்பட்டுப் பிரிக்க வேண்டாம். பெட்டியை டீசல் ஊற்றித் தூரிகையால் கழுவுங்கள். நன்றாக உலர்ந்ததும் இணைப்பு முழுக்க முகப்பவுடர் தூவி அரை மணி நேரம் ஓட்டுங்கள். பவுடர் முதலில் எங்கே கறுக்கிறதோ அங்கேதான் கசிவு. அச்சைச் சுற்றிக் கறுத்தால் போனது அச்சைச் சுற்றி எண்ணெயைத் தடுக்கும் வளையமான ஆயில் சீல், கேஸ்கட்டை மாற்றிப் பயனில்லை. காற்றுத் துளையையும் பாருங்கள். புல் தூசி அதை அடைத்துவிட்டால் சூடாகும் காற்று வெளியேற வழியில்லாமல் எண்ணெயைத் தள்ளும். ஒரு கம்பியால் துளையைக் குத்திவிட்டதிலேயே கசிவு நின்ற பெட்டிகளைப் பட்டறையில் பார்த்திருக்கிறேன்.

பிரிக்கத்தான் வேண்டுமென்றால், சக்கர ஹப் (சக்கரத்தின் நடுப்பகுதி) துருப்பிடித்து அச்சோடு ஒட்டியிருக்கும். சுத்தியலால் அடிக்காதீர்கள், அச்சு முனை மழுங்கிவிடும். துரு இளக்கும் எண்ணெயை நான்கு நாள் விட்டு, புல்லர் என்னும் இழுக்கும் கருவியைப் போட்டு இழுங்கள். பாதிகளுக்கு நடுவே திருப்புளியைச் செருகவே கூடாது. அந்தக் கீறல்தான் நாளைய கசிவு.

கேஸ்கட் கிடைக்காததற்குக் கவலை வேண்டாம், காகிதம் தாளாகக் கிடைக்கும். பழையதை மைக்ரோமீட்டரில் அளந்து அதே தடிமனில் வாங்குங்கள். தடித்தால் தண்டுகள் ஆடும், மெலிந்தால் பேரிங்குகள் இறுகும். தாளைப் பெட்டி முகத்தில் விரித்து, எதிரெதிரே இரண்டு போல்ட் துளைகளை முதலில் வெட்டிப் போல்ட்டைச் செருகிவிடுங்கள், தாள் நகராது. பிறகு உருண்டைத் தலைச் சுத்தியலால் விளிம்போரம் மெல்லத் தட்டிக்கொண்டே போனால் இரும்பின் விளிம்பே தாளை வெட்டிக்கொடுக்கும். என் குரு எனக்குக் கற்றுக்கொடுத்த முதல் வேலை அது.

டோங்காட் கோவில் தொண்டன்:
ஐயா, நீங்கள் சொன்னபடியே செய்தேன். பின்பக்க அடிப் போல்ட்டுகள் இரண்டின் நடுவே பவுடர் கறுத்தது. காற்றுத் துளையில் மண்ணும் புல்லும் கல்லாக இறுகியிருந்தன. ஹப் ஐந்தாம் நாள்தான் அசைந்தது. இரண்டு தாள் பாழாகி, மூன்றாவது சரியாக வந்தது. எட்டு நாளாகத் தரை காய்ந்திருக்கிறது. உள்ளே வெண்கலப் புஷ்கள் (தண்டைத் தாங்கும் வளையங்கள்) இருந்தன. எந்த எண்ணெய் ஊற்றலாம்?

ஆலைப் பட்டறை ஃபிட்டர் (ஓய்வு):
மகிழ்ச்சி, தம்பி. கையேட்டில் சொன்ன அளவு அடர்த்தியுள்ள கியர் எண்ணெயே போதும். வெண்கலம் இருப்பதால், கையேடு வேறு கேட்காத வரை ஜிஎல்-4 என்ற கியர் எண்ணெய்த் தரமே நல்லது. ஜிஎல்-5 சிலவற்றில் உள்ள கந்தகச் சேர்க்கை வெண்கலத்தை அரிக்கும். பத்து மணி நேரம் ஓடியதும் போல்ட்டுகளை எதிரெதிராக ஒருமுறை இறுக்கிப் பாருங்கள், புதுக் காகிதம் கொஞ்சம் அமுங்கியிருக்கும்.