மத்திய அலையில் ஒரே ஒரு நிலையம் மட்டும் உறுமலில் மூழ்குகிறது, என்ன செய்யலாம்?

இரவுக்கேட்பு:
வணக்கம். எல்லையிலிருந்து அதிக தூரமில்லாத இடத்தில் இருக்கிறேன். அந்தப் பக்கத்து நாட்டின் மத்திய அலை நிலையம் ஒன்றை வருடக்கணக்கில் இரவில் கேட்டு வருகிறேன், சின்ன ட்ரான்சிஸ்டர்தான், வெளி ஆண்டெனா கிடையாது. மூன்று வாரமாக அந்த ஒரு இடத்தில் மட்டும் லாரி மேடேறுவது போல உறுமல். செய்தி வாசிப்பவரின் குரல் அடியில் கேட்கிறது, ஆனால் ஒரு வார்த்தை பிடிபடவில்லை. பேட்டரி மாற்றிவிட்டேன். ரேடியோ கெட்டுவிட்டதா, யாராவது வேண்டுமென்றே செய்கிறார்களா?

ஃபெரைட்ராட்:
முதலில் வீட்டுச் சத்தமா என்று பாருங்கள். எல்.இ.டி விளக்கு, சார்ஜர் போடும் இரைச்சல் ஒரு நிலையத்தோடு நிற்காது, பல இடங்களில் கேட்கும். மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டுப் பேட்டரியில் கேளுங்கள். அப்புறம் உறுமல் எத்தனை மணிக்கு வருகிறது, எப்போது போகிறது என்று குறித்து வையுங்கள், அதுதான் முக்கியம்.

இரவுக்கேட்பு:
மெயினை அணைத்தும் அதே உறுமல். அக்கம்பக்கத்து நிலையங்கள் சுத்தமாக இருக்கின்றன. நிகழ்ச்சி 8 மணிக்கு, உறுமல் 7.58க்கே வந்துவிடுகிறது. 9 மணிக்கு நிகழ்ச்சி முடிந்து இரண்டு நிமிடத்தில் நின்றுவிடுகிறது. மூன்று நாளும் இப்படித்தான்.

பழையரிசீவர்:
அப்படியானால் ஜாமிங் என்றே எடுத்துக்கொள்ளலாம், அதாவது நிலையத்தின் அதே அலைவரிசையில் வேண்டுமென்றே வேறு ஒலியை அனுப்பி அதை மறைப்பது. நிகழ்ச்சியின் நேரம் பார்த்து வந்து நேரம் பார்த்துப் போகிற பழுது எந்த ரேடியோவிலும் கிடையாது.

இதற்குப் பெரிய டிரான்ஸ்மிட்டர்கூட வேண்டாம். பகலில் மத்திய அலை நிலத்தை ஒட்டித்தான் போகும், மேலே போவதை அயனி மண்டலத்தின் (வளிமண்டலத்தின் மேற்பகுதியில் மின்னூட்டம் பெற்ற பகுதி) கீழடுக்கு விழுங்கிவிடும். இரவில் அந்த அடுக்கு மங்கியதும் மேலே போனது திரும்பி வந்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி இறங்கும். தூரத்து நிலையம் அப்படி ஏறி இறங்கி வந்து சேரும்போது, ஜாமர் கேட்பவருக்குப் பக்கத்திலிருந்து நில அலையாக ஒரே சீராக அடிக்கும். அதனால்தான் எல்லையோரத்திலும் ஊர்களைச் சுற்றியும் வைக்கிறார்கள். சோவியத் ஒன்றியத்தில் சிற்றலைக்கு இப்படி நகரந்தோறும் ஜாமர் வைத்திருந்தார்கள், நகரத்தை விட்டு வெளியே போனவர்களுக்குக் குரல் தெளிந்தது. அங்கே அது 1988 வரை நடந்தது.

எப்போதும் உறுமலாகவும் இருக்காது. அமெரிக்கா 1985இல் கியூபாவை நோக்கி 1180 கிலோஹெர்ட்ஸில் ரேடியோ மார்த்தியைத் தொடங்கியது, அதே 1180இல் கியூபாவின் ரேடியோ ரெபெல்தே ஒலிக்கிறது. பார்த்தால் சாதாரண நிலையம், வேலை மறைப்பது. கொரியாவில் இரண்டு பக்கமுமே பல ஆண்டுகள் எதிர்ப்பக்கத்து ஒலிபரப்பை அமுக்கியிருக்கின்றன.

இரவுக்கேட்பு:
புகார் கொடுக்க முடியுமா அண்ணா?

பழையரிசீவர்:
ஐ.நா. பொதுச்சபை 1950 டிசம்பரிலேயே இதைக் கண்டித்துத் தீர்மானம் போட்டது. சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் விதிகளும் பிறர் ஒலிபரப்புக்குக் கெடுதலான குறுக்கீடு கூடாது என்கின்றன. ஆனால் மீறும் அரசைத் தண்டிக்கும் அதிகாரம் அந்த ஒன்றியத்திடம் இல்லை. தனி ஆள் கேட்கிற வழியைத் தேடுவதுதான் நல்லது, எனக்கு இதில் கோபம்தான் வருகிறது.

ஃபெரைட்ராட்:
வழி உங்கள் ரேடியோவுக்குள்ளேயே இருக்கிறது. உள்ளே ஆண்டெனாவாக இருக்கும் ஃபெரைட் கம்பி பக்கவாட்டிலிருந்து வருவதை நன்றாகப் பிடிக்கும், அதன் முனை நேராகக் காட்டும் திசையிலிருந்து வருவதை ஏறக்குறைய விட்டுவிடும். நிலையத்தைத் தேடித் திருப்பாதீர்கள், உறுமல் எந்தக் கோணத்தில் அமுங்குகிறது என்று தேடுங்கள். மெதுவாக, விரல் அகலம் விரல் அகலமாகத் திருப்புங்கள், அந்தக் கோணம் மிகக் குறுகலானது. ஜாமர் பக்கத்தில் இருந்தால் நன்றாகவே அமுங்கும். அதுவும் வானலையாக, அதாவது மேலே போய்த் திரும்பி வந்தால் அமுங்கியும் எழும்பியும் ஆடும்.

கோணல்லூப்:
ஒரு எச்சரிக்கை: ஜாமரும் நிலையமும் ஒரே கோட்டில் இருந்தால் இரண்டும் சேர்ந்தே அமுங்கும். அப்போது அதே நிகழ்ச்சி சிற்றலையிலோ வேறு அலைவரிசையிலோ வருகிறதா பாருங்கள். எஸ்.எஸ்.பி. (ஒலி இருக்கும் இரண்டு பக்கப் பட்டைகளில் ஒன்றை மட்டும் பிரித்துக் கேட்கும் வசதி) உள்ள ரிசீவர் இருந்தால் மேல்பக்கப் பட்டை, கீழ்ப்பக்கப் பட்டை இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள், உறுமல் சில சமயம் ஒரு பக்கம்தான் கனமாக இருக்கும்.

இரவுக்கேட்பு:
நேற்று மர நாற்காலியில் ரேடியோவை வைத்து 7.58க்கே திருப்ப ஆரம்பித்தேன். கால்வட்டம் தாண்டியதும் உறுமல் சட்டென்று கிணற்றுக்குள் போன மாதிரி இறங்கியது, நான் கையை எடுக்கவே பயந்தேன். அந்தக் குரல் வந்துவிட்டது. கொஞ்சம் மங்கல்தான், ஆனால் செய்தி முழுவதும் கேட்டேன். நாற்காலியில் சாக்பீஸால் கோடு போட்டுவிட்டேன், இன்று இரவும் அதே கோட்டில் வைத்துப் பார்க்கிறேன்.