நானோ செல்லுலோஸ் ஃபிலிம்: வளையம் வளையமாக நிறம், உரித்தால் நொறுங்குகிறது, கிளிசரால் சேர்த்தால் நிறமே இல்லை

ஈரக்காட்டி (கேள்வி)

காற்றின் ஈரப்பதத்துக்கு ஏற்ப நிறம் மாறும் ஃபிலிம் வேண்டும். சாயம் கிடையாது, செல்லுலோஸ் நானோகிரிஸ்டல் (நானோமீட்டர் அளவிலான செல்லுலோஸ் படிகக் குச்சிகள்) தானாகச் சுருளாக அடுக்கிக்கொள்வதால் வரும் நிறம்தான். எம்.எஸ்சி. புராஜெக்ட்.

செய்தது: பருத்தி ஃபில்டர் பேப்பர் 10 கிராம், மிக்ஸியில் பஞ்சாக அரைத்தது. 64% கந்தக அமிலம் 175 மி.லி., 45 டிகிரி, 45 நிமிடம். பத்து மடங்கு ஐஸ் தண்ணீரில் கொட்டி நிறுத்தி, சென்ட்ரிஃபியூஜ், ஆறு நாள் டயாலிசிஸ் (சவ்வுப் பையில் வைத்து மிச்ச அமிலத்தை நீக்குவது). புரோப் சோனிகேட்டரில் (முனையைக் கரைசலில் முக்கி மீயொலியால் அதிரவைக்கும் கருவி) 10 நிமிடம். 3% கரைசல் 20 மி.லி., 9 செ.மீ. கண்ணாடிப் பெட்ரி டிஷ், 60 டிகிரி ஓவனில் ஓர் இரவு.

வந்தது: ஓரத்தில் சிவப்பு, உள்ளே பச்சை, நடுவில் நீலம் என்று வளையங்கள். உரித்தால் கண்ணாடிச் சில்லு மாதிரி உடைகிறது. நானோகிரிஸ்டல் எடையில் 20% கிளிசரால் சேர்த்தால் உடையவில்லை, ஆனால் நிறமற்ற ஃபிலிம். தெவிட்டிய பொட்டாசியம் சல்ஃபேட் கரைசல் உள்ள ஜாடியில் (97% ஈரம்) ஒரு நாள் வைத்தும் மாற்றம் தெரியவில்லை. எங்கே தவறு?

சுருள்படி

மூன்றும் வெவ்வேறு கோளாறு. கடைசியிலிருந்து வருகிறேன்.

கிளிசரால் போட்ட ஃபிலிமைக் கறுப்புத் தாள் மேல் வைத்து, விளக்கு எதிரே இருக்க, கிட்டத்தட்டப் படுக்கைக் கோணத்தில் சாய்த்துப் பாருங்கள். மங்கலாகச் சிவப்பு தெரிந்தால் நிறம் போய்விடவில்லை, அகச்சிவப்புக்குள் போயிருக்கிறது. பிரதிபலிக்கும் அலைநீளம் = ஒளிவிலகல் எண் × சுருளின் ஒரு முழுச் சுற்றின் நீளம் × சைன் கோணம் (கோணத்தை ஃபிலிம் பரப்பிலிருந்து அளக்க வேண்டும்). ஒளிவிலகல் எண் சுமார் 1.55. ஒரு சுற்று 290 நானோமீட்டர் என்றால் நேர்ப்பார்வையில் 450, நீலம். 400 என்றால் 620, சிவப்பு. கிளிசரால் ஆவியாகாமல் குச்சிகளுக்கு நடுவே உட்கார்ந்து சுற்றை விரிக்கிறது. ஈரமும் அதையேதான் செய்யும். ஏற்கெனவே அகச்சிவப்பில் இருக்கும் ஃபிலிம் ஈரத்தில் இன்னும் தள்ளிப் போகும், கண்ணுக்கு எப்படித் தெரியும்? சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் வைத்துப் பாருங்கள், சிவப்பு திரும்பி வரலாம்.

தள்ளிவிட்டது கிளிசரால் மட்டுமல்ல, உங்கள் சோனிகேஷனும். சோனிகேஷன் கூடக் கூட நிறம் சிவப்புப் பக்கம் நகரும். "10 நிமிடம்" என்பது அளவே ஆகாது. ஒரு கிராமுக்கு எத்தனை ஜூல் என்று எழுதுங்கள். 2% கரைசல் 50 மி.லி.யில் 1 கிராம் இருக்கிறது. கரைசலுக்குள் உண்மையில் 30 வாட் இறங்கினால் ஒரு நிமிடத்துக்கு 1800 ஜூல். அங்கே தொடங்கி, ஒரே தொகுதியை நான்காகப் பிரித்து, நான்கு அளவில் சோனிகேட் செய்து, கிளிசரால் இல்லாமல் சின்ன டிஷ்ஷில் உலர்த்துங்கள். நீலமாக வருவதை எடுத்துக்கொண்டு அதில் கிளிசரால் சேருங்கள், 10 சதவீதத்திலிருந்து. எதுவும் நீலமாகவில்லை என்றால் துளி உப்பு: ஒரு கிராமுக்கு 50 மைக்ரோமோல், அதாவது 3 மி.கி. சோடியம் குளோரைடு. உப்பு குச்சிகளின் மின்விலக்கத்தைக் குறைத்துச் சுற்றைச் சுருக்கும். ஆனால் கை தாராளமானால் கரைசல் கூழாகிவிடும்.

சோனிகேட் செய்யும்போது பீக்கர் ஐஸில் இருக்கட்டும். சூடானால், கந்தக அமிலம் குச்சிகளின் மேல் ஒட்டவைத்த, மின்னூட்டம் தரும் சல்ஃபேட் தொகுதிகள் கழன்று விலக்கம் குறையும். புரோப் முனையிலிருந்து உதிரும் டைட்டானியம் துகளைச் சென்ட்ரிஃபியூஜில் இறக்கிவிடுங்கள்; ஃபிலிமில் சாம்பல் புள்ளி தெரிவது அதுதான்.

வளையம்: 60 டிகிரி, அதுவும் ஃபேன் ஓடும் ஓவன் என்றால் வேறு எதிர்பார்க்க முடியாது. ஓரம் முதலில் உலர்கிறது, நீர் நடுவிலிருந்து ஓரத்துக்குத் துகளை இழுத்துச் செல்கிறது, காப்பிக் கறை மாதிரி. கரைசல் கூழாகும் கணத்தில் சுருள் பூட்டிக்கொள்கிறது. ஓரமும் நடுவும் ஒரே நேரத்தில் கூழாகாததால் நிறம் வேறு. அறை வெப்பத்தில், ரசமட்டம் வைத்துச் சரிபார்த்த மேசையில், மூடியை ஒரு தீக்குச்சி அளவு தூக்கி வைத்து 3–5 நாள் விடுங்கள். அதே மேசையில் பம்ப், சென்ட்ரிஃபியூஜ் எதுவும் ஓடக் கூடாது. ஓரத்து வளையம் அப்போதும் கொஞ்சம் இருக்கும். 1 செ.மீ. வெட்டி எறிந்துவிட்டு நடுவை மட்டும் பயன்படுத்துங்கள்.

உடைவது: கண்ணாடியில் ஃபிலிம் ஒட்டிக்கொள்கிறது, உலரும்போது சுருங்க இடமில்லை. பாலிஸ்டைரீன் டிஷ்ஷுக்கு மாறுங்கள். காய்ந்தவுடன் உரிக்காதீர்கள். சோடியம் குளோரைடு தெவிட்டிய கரைசல் உள்ள மூடிய டப்பாவில் (75% ஈரம்) அரை நாள் வைத்து, ஓரத்தைப் பிளேடால் சுற்றிக் கீறி, டிஷ்ஷின் அடியை லேசாக வளைத்தால் தானே எழும்பும்.

புது_வரவு

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். எனக்கு ஃபிலிம் வரை போகவே இல்லை. அதே 64%, அதே 45 டிகிரி. 20 நிமிடத்தில் பழுப்பாகி, தண்ணீரில் கொட்டினால் கிட்டத்தட்ட எதுவும் மிஞ்சுவதில்லை. 64 மி.லி. அமிலம், 36 மி.லி. தண்ணீர்.

சுருள்படி

விடை உங்கள் கடைசி வரியிலேயே இருக்கிறது. 64% என்பது எடைக்கு எடை. கடை அமிலம் 98%, அடர்த்தி 1.84. 64 மி.லி. எடுத்தால் 118 கிராம், அதில் அமிலம் 115 கிராம். மொத்தக் கலவை 154 கிராம். நீங்கள் பயன்படுத்தியது 75%. அந்த வலுவில் செல்லுலோஸ் கரைந்து சர்க்கரையாகிக் கருகும். சரியான கணக்கு: 100 கிராம் கலவைக்கு 98% அமிலம் 65.3 கிராம் (35.5 மி.லி.), தண்ணீர் 34.7 கிராம். தராசில் நிறுங்கள். ஐஸில் வைத்த தண்ணீருக்குள் அமிலத்தை மெல்ல ஊற்ற வேண்டும், ஒருபோதும் மாற்றி ஊற்றக் கூடாது. கலவை 45 டிகிரிக்கு இறங்கிய பிறகே பஞ்சு போடுங்கள். கலக்கிய சூட்டிலேயே போடுவது இரண்டாவது பொதுவான தவறு.

கண்ணாடித்தாள்

சற்று மாறுபடுகிறேன். ஈரம் கூடினால் ஏதாவது அசைய வேண்டும், ஒரு சுவிட்ச் திறக்க வேண்டும் என்றால் நானோகிரிஸ்டல் வீண் சிரமம். செல்லோஃபேன் போதும். 20 மைக்ரான் செல்லோஃபேன் மேல் 40 மைக்ரான் பாலிப்ரொப்பிலீன் டேப் ஒட்டி, 5 × 40 மி.மீ. பட்டையாக வெட்டினால், மூச்சு பட்டாலே சுருளும். செல்லோஃபேன் நீரில் 2% நீள்கிறது என்று வைத்துக்கொண்டால், வளைவு சுமார் 1.5 × 0.02 ÷ 0.06 மி.மீ.; ஆரம் 2 மி.மீ. வருகிறது. (இரு அடுக்கும் சம தடிமன், சம விறைப்பு என்ற எளிமைப்படுத்தல்தான், ஆனால் திட்டமிட உதவும்.)

இரண்டு இடத்தில் தவறலாம். ஸ்டேஷனரிக் கடையில் கண்ணாடிப் பேப்பர் என்று தருவது பெரும்பாலும் பாலிப்ரொப்பிலீன். ஓரத்தைக் கொளுத்துங்கள்: காகிதம் கருகும் வாடையும் சாம்பலும் என்றால் செல்லுலோஸ், உருகிச் சொட்டினால் பிளாஸ்டிக். உண்மையான செல்லோஃபேனிலும் ஈரம் தடுக்கப் பூச்சு பூசியது வரும், அது அசையாது. பூச்சில்லாத ரகம் கேளுங்கள். ஒரு துளி நீர் விட்டால் உடனே நெளிய வேண்டும். மற்றொன்று, செல்லோஃபேன் உருளையின் குறுக்குத் திசையில்தான் அதிகம் வீங்கும். பட்டையின் நீளம் அந்தத் திசையில் இருக்கட்டும், இல்லாவிட்டால் பட்டை குழாய் மாதிரி சுருண்டு விறைத்து நிற்கும்.

ஈரக்காட்டி

நிறமே வேண்டும், எனவே நானோகிரிஸ்டலிலேயே இருக்கிறேன். சாய்த்துப் பார்த்தேன், சிவப்பு தெரிகிறது! இனி நிறத்தை எப்படி நம்பகமாக அளப்பது? வழிகாட்டி, வேகமாகவும் மாற வேண்டும் என்கிறார்.

சுருள்படி

வேகத்துக்கு மெல்லியதாக்குங்கள். நீங்கள் ஊற்றியது 0.6 கிராம்; 63.6 ச.செ.மீ. பரப்பில், அடர்த்தி 1.6 என்றால் 59 மைக்ரான். நீர் ஊடுருவும் நேரம் தடிமனின் வர்க்கத்தோடு போகும், பாதியாக்கினால் நேரம் கால்வாசி. 15 மைக்ரானிலேயே நாற்பது சுற்றுக்கு மேல் இருக்கும், நிறத்துக்கு அது தாராளம். 1% கரைசல் 15 மி.லி. ஊற்றுங்கள்.

அளக்க, தெவிட்டிய உப்பு ஜாடிகள்: 25 டிகிரியில் லித்தியம் குளோரைடு 11%, மக்னீசியம் குளோரைடு 33%, மக்னீசியம் நைட்ரேட் 53%, சோடியம் குளோரைடு 75%, பொட்டாசியம் குளோரைடு 84%, பொட்டாசியம் சல்ஃபேட் 97%. அடியில் கரையாத உப்பு எப்போதும் தெரிய வேண்டும். ஃபிலிமைத் தொங்கவிடுங்கள், கரைசலில் படக் கூடாது. பின்னால் கறுப்பு, விளக்கும் கேமராவும் ஒரே கோணம், கேமராவின் வெள்ளைச் சமநிலை (white balance) பூட்டியது. கோணம் மாறினால் நிறம் மாறும் பொருளில் இதைத் தளரவிட்டால் மற்ற எல்லா எண்ணும் குப்பை.

ஏறும்போது 53 சதவீதத்தில் இருக்கும் நிறமும் இறங்கும்போது 53 சதவீதத்தில் இருக்கும் நிறமும் ஒன்றல்ல. செல்லுலோஸ் நீரை விடும்போது கூடுதலாகப் பிடித்து வைத்திருக்கும். ஒவ்வொரு ஓட்டத்தையும் 11 சதவீத ஜாடியிலிருந்து தொடங்கி, ஏறுமுகத்தையும் இறங்குமுகத்தையும் தனித்தனி வரைகோடாகப் போடுங்கள். 97% ஜாடியில் நாள்கணக்கில் விடாதீர்கள், கிளிசரால் மேலே வந்து பிசுபிசுக்கும். அப்படி ஆன துண்டின் பழைய எண்களையும் நம்பக் கூடாது.

நிறம் சுருளிலிருந்துதான் வருகிறதா, வெறும் படல நிறமா என்று வழிகாட்டி கேட்டால், வட்ட முனைவாக்க வகை (ஒரு கண்ணுக்கு இடப்பக்கம் சுழலும் ஒளி, மறு கண்ணுக்கு வலப்பக்கம் சுழலும் ஒளி மட்டும் விடும்) 3டி சினிமாக் கண்ணாடி ஒன்றை அணிந்து ஒவ்வொரு கண்ணாகப் பாருங்கள். நானோகிரிஸ்டல் அடுக்கு இடச்சுருள் ஆனதால், இடப்பக்கம் சுழலும் ஒளியையே பிரதிபலிக்கும்; ஒரு கண்ணில் நிறம் பளிச்சென்று இருக்கும், மறு கண்ணில் ஃபிலிம் கிட்டத்தட்ட அணைந்துவிடும்.

ஈரக்காட்டி

சோனிகேட்டர் திரை 40% ஆம்ப்ளிட்யூட் (அதிர்வு வீச்சு) என்று மட்டும் காட்டுகிறது, வாட் இல்லை.

சுருள்படி

100 மி.லி. தண்ணீரை ஐஸ் இல்லாமல் அதே அமைப்பில் 60 வினாடி ஓட்டி, வெப்பநிலை எவ்வளவு ஏறியது என்று பாருங்கள். 4 டிகிரி ஏறினால் 100 × 4.18 × 4 = 1672 ஜூல், 60ஆல் வகுத்தால் 28 வாட்.