ஒரு நாடு மறுத்தால் பேச்சே தொடங்காதா? ஜெனீவா ஆயுதக் குறைப்பு மாநாட்டின் முடக்கம்

கேள்வி:

அனைவருக்கும் வணக்கம். பல்தரப்பு ஆயுதக் குறைப்புப் பேச்சுகளுக்கென்று உலகில் இருக்கும் ஒரே நிலையான மன்றம் ஜெனீவாவில் கூடும் ஆயுதக் குறைப்பு மாநாடுதான். அதில் 65 உறுப்பு நாடுகள் உள்ளன. ஆனால், 1996-இல் விரிவான அணுச்சோதனைத் தடை ஒப்பந்தத்தின் பேச்சு முடிந்த பிறகு அங்கிருந்து ஓர் ஒப்பந்தம்கூட வெளிவரவில்லை. அணுகுண்டுக்கான புளூட்டோனியம், செறிவூட்டிய யுரேனியம் ஆகியவற்றின் உற்பத்தியை நிறுத்தும் ஒப்பந்தத்தைப் பேசுவதற்கு 1995-இலேயே இசைவு கிடைத்தும், பேச்சு ஏன் நகரவில்லை? ஒருமித்த கருத்து வேண்டும் என்ற விதியை எடுத்துவிட்டால் இது சரியாகிவிடாதா?

மறுமொழி 1:

விதியை மட்டும் குறை சொன்னால் பாதிக் கதைதான் தெரியும். கனடாவின் தூதர் ஜெரால்டு ஷானன் 1995 மார்ச்சில் அளித்த அறிக்கைதான் அந்த இசைவுக்கு அடிப்படை. புதிய உற்பத்தியை நிறுத்தினால் போதுமா, ஏற்கெனவே கையிருப்பில் உள்ளதையும் கணக்கில் கொள்ள வேண்டுமா என்ற கேள்வியை அது தீர்க்கவில்லை. பேச்சின்போது யார் வேண்டுமானாலும் எழுப்பலாம் என்று விட்டுவிட்டது. அப்படி விட்டதால்தான் அன்று அனைவரும் தலையசைத்தார்கள்.

அந்தக் கேள்வியின் கனத்தை ஓர் எண்ணில் காணலாம். ஒரு குண்டு செய்யும் வாய்ப்பைப் புறந்தள்ள முடியாத அளவு என்று பன்னாட்டு அணுசக்தி முகமை கொள்வது 8 கிலோ புளூட்டோனியத்தை. உலகின் கையிருப்போ டன் கணக்கில் இருக்கிறது. எனவே இனி உற்பத்தி செய்வதை மட்டும் தடுத்தால், இந்தியாவுக்கும் தனக்கும் இடையிலான கையிருப்பு இடைவெளி நிலைத்துவிடும் என்பது பாகிஸ்தானின் வாதம். அணுப்பொருள் வழங்கும் நாடுகளின் குழு 2008-இல் தன் அணு வணிகக் கட்டுப்பாடுகளிலிருந்து இந்தியாவுக்கு விலக்கு அளித்த பின் அந்த வாதம் மேலும் இறுகியது. இந்தியாவோ, தடை எதிர்கால உற்பத்திக்கு மட்டுமே என்பதில் உறுதியாக நிற்கிறது. விதி மாறினாலும் இந்த முரண் மாறாது.

மறுமொழி 2:

முரண் உண்மைதான். ஆனால் அதைப் பேசித் தீர்க்க வேண்டிய இடமே பேச்சுமேசை அல்லவா? 2009 மே 29 அன்று நடந்ததைப் பாருங்கள். பல ஆண்டு இழுபறிக்குப் பின் மாநாடு, இந்த உற்பத்தித் தடைப் பேச்சையும் உள்ளடக்கிய ஒரு வேலைத்திட்டத்தை ஒருமனதாக ஏற்றது. பாகிஸ்தானும் அதைத் தடுக்கவில்லை. அதன் பிறகு கால அட்டவணை போன்ற நடைமுறைகளுக்குத் தனியே இசைவு தேவைப்பட்டது, அது கிடைக்கவில்லை, ஆண்டும் முடிந்தது. வேலைத்திட்டம் அந்தந்த ஆண்டுக்கே உரியது என்பதால் 2010-இல் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. அப்போது பாகிஸ்தான் எதிர்த்தது.

முடிவில் வரும் ஒப்பந்தத்துக்கு ஒருமித்த கருத்து வேண்டும் என்பதில் நியாயம் இருக்கிறது, ஏனெனில் ஒரு நாட்டின் பாதுகாப்பை மற்றவர்கள் வாக்கெடுத்துத் தீர்மானிக்க முடியாது. நாற்காலியில் அமர்வதற்கே அதைக் கேட்பதுதான் தவறு. ஒருமுறை ஏற்ற வேலைத்திட்டம் அடுத்த ஆண்டும் தானாகத் தொடரும் என்ற ஒரு திருத்தமே பெரிய வேறுபாட்டை உண்டாக்கும். அந்தத் திருத்தத்துக்கும் ஒருமித்த கருத்து தேவை என்பது கசப்பான உண்மை.

கேள்வி கேட்டவர்:

விளக்கங்களுக்கு நன்றி. அப்படியானால் ஐ.நா. பொதுச்சபைக்கே கொண்டு சென்றால் என்ன?

மறுமொழி 3:

அந்த வழியில் இரண்டு முறை போயிருக்கிறார்கள். 1996-இல் சோதனைத் தடை வரைவை இந்தியா ஜெனீவாவில் ஏற்க மறுத்ததும், ஆஸ்திரேலியா அதைப் பொதுச்சபைக்குக் கொண்டு சென்றது. 158 நாடுகள் ஆதரிக்க, இந்தியா, பூட்டான், லிபியா ஆகிய மூன்றும் எதிர்த்தன. ஆயினும் குறிப்பிட்ட 44 நாடுகளும் ஏற்புறுதி, அதாவது கையெழுத்துக்குப் பின் தரும் முறையான இறுதி ஒப்புதல், அளித்தால்தான் அது நடைமுறைக்கு வரும். இந்தியா, பாகிஸ்தான், வட கொரியா இன்னும் கையெழுத்தே இடவில்லை. கையெழுத்திட்ட அமெரிக்காவும் சீனாவும் ஏற்புறுதி அளிக்கவில்லை. ரஷ்யா 2023-இல் தன் ஏற்புறுதியைத் திரும்பப் பெற்றது. 2017-இல் 122 நாடுகள் ஆதரித்த அணு ஆயுதத் தடை ஒப்பந்தம் 2021-இல் நடைமுறைக்கு வந்துவிட்டது, ஆனால் அணு ஆயுதம் வைத்திருக்கும் ஒரு நாடும் அதில் இல்லை.

இதனால் அந்த முயற்சிகள் வீண் என்று நான் சொல்ல மாட்டேன். இந்த நூற்றாண்டில் அணுகுண்டைச் சோதித்த நாடு வட கொரியா ஒன்றே. அந்த வெடிப்புகளின் நில அதிர்வைப் பதிவு செய்ததும் நடைமுறைக்கு வராத அதே ஒப்பந்தத்தின் கண்காணிப்பு நிலையங்கள்தாம். ஆனால் உற்பத்தித் தடை வேறு வகை. செறிவூட்டும் ஆலைக்குள் ஆய்வாளர் நுழைய வேண்டும், அதற்கு ஆலையின் சொந்தக்காரர் கதவைத் திறக்க வேண்டும். ஆகவே இந்தியாவும் பாகிஸ்தானும் கையிருப்பைப் பற்றித் தமக்குள் பேசத் தொடங்குவதைத்தான் நான் மிகவும் எதிர்பார்க்கிறேன்.