வடமாநிலத்தவருக்கும் இஸ்லாமியருக்கும் வீடு விடக் கூடாது என்கிறது தெரு, என்ன பதில் சொல்ல?

கெடிலக்கரை எழுதியது:
கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் மாடிப் போர்ஷன் காலியாக இருக்கிறது. சிப்காட்டில் வேலை பார்க்கும் ஒடிசா பையன்கள் இரண்டு பேர் வந்து கேட்டார்கள், மரியாதையாகப் பேசினார்கள். அதற்குள் தெரு வாட்ஸப் குழுவில், இந்திக்காரர்களுக்கும் பாய்மார்களுக்கும் யாரும் வீடு விடக் கூடாது என்று ஆரம்பித்துவிட்டார்கள். பின்தெருவில் ஒரு பைக் காணாமல் போனதிலிருந்து இந்தப் பேச்சு, யார் எடுத்தார்கள் என்றே இன்னும் தெரியவில்லை. "ஜெயிலில் முஸ்லிம்கள் மக்கள்தொகை விகிதத்தைவிட அதிகம், அரசாங்கக் கணக்கே சொல்கிறது" என்று ஒருவர் போட்டதும் எல்லோரும் கட்டைவிரல் காட்டிவிட்டார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. ஞாயிற்றுக்கிழமை கூட்டம், என்ன பேசுவது?

நெல்லிக்குப்பம் வாசி:
அந்த எண் பொய்யில்லை, அதை முதலில் ஒத்துக்கொண்டே பேசுங்கள். 2011 கணக்கெடுப்பில் நாட்டில் இஸ்லாமியர் 14.2 சதவீதம். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் சிறை அறிக்கையில் அவர்கள் பங்கு அதைவிடக் கூடுதல்தான். பட்டியல் சாதியினர் பங்கும் அப்படியே. ஆனால் அதே அறிக்கையில், 2022 இறுதியில் உள்ளே இருந்தவர்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று பேர் விசாரணைக் கைதிகள். தீர்ப்பே வராதவர்கள். வக்கீல் வைக்க வழியில்லாதவர், ஜாமீன் கிடைத்தும் கையெழுத்துப் போட ஆள் இல்லாதவர் எல்லாம் அதில் அடக்கம். ஆக, யார் மாட்டினார்கள், யாரால் வெளியே வர முடியவில்லை என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது, யார் செய்தார்கள் என்பதை இல்லை.

அப்புறம், சிறையில் 100 பேரில் 95-க்கும் மேல் ஆண்கள். அதற்காக ஆண்களுக்கு வீடு கிடையாது என்று எந்தத் தெருவும் தீர்மானம் போடுவதில்லை, ஏனென்றால் நம் வீட்டு ஆண்களை நமக்கு ஆள் ஆளாகத் தெரியும். வேலைக்கு வருகிற வடமாநிலத்தவரில் பெரும்பாலோர் இளவட்டங்கள். ஒப்பிடுவதானால் உள்ளூர் இளவட்டங்களோடு ஒப்பிட வேண்டும், தாத்தா பாட்டி குழந்தைகளையும் சேர்த்து மொத்த ஊரோடு இல்லை.

விருத்தாசலத்தான்:
கணக்கு எப்படி உண்டாகிறது என்பதையும் பாருங்கள். 1871-ல் வெள்ளைக்காரன் குற்றப் பரம்பரைச் சட்டம் கொண்டுவந்து, பிறப்பையே குற்றமாக்கினான். 1911-க்குப் பிறகு அது சென்னை மாகாணத்திலும் நடைமுறைக்கு வந்தது. சட்டம் போய் எழுபது வருஷத்துக்கு மேல் ஆகியும், திருட்டு என்றால் குறவர் குடியிருப்புக்கு முதலில் ஜீப் போகிற பழக்கம் போகவில்லை. நம் மாவட்டத்துக் கம்மாபுரத்தில் 1993-ல் நகைத் திருட்டுச் சந்தேகத்தில் கொண்டுபோன ராஜாக்கண்ணு ஸ்டேஷனிலேயே அடிபட்டுச் செத்தார். தப்பி ஓடிவிட்டதாகச் சொன்னது போலீஸ். உயர் நீதிமன்றம் வரை போராடித்தான் உண்மையை வெளியே கொண்டுவர முடிந்தது. ஒரே குடியிருப்பில் தேடினால் அங்கேதான் ஆள் பிடிபடுவான், பிறகு அந்தக் கைதுகளையே ஆதாரமாகக் காட்டி இன்னும் தேடுவார்கள்.

2018 மே மாதம் போளூர் பக்கம் அத்திமூரில் நடந்ததையும் கூட்டத்தில் சொல்லுங்கள். வடநாட்டுப் பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருக்கிறார்கள் என்று வாட்ஸப்பில் வதந்தி. குலதெய்வம் கோயிலுக்குக் காரில் வந்த சென்னைக் குடும்பம் வழி கேட்க நின்ற இடத்தில், குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்த அறுபது வயது தாண்டிய அம்மாவை ஊரே சேர்ந்து அடித்துக் கொன்றது.

புதுநகர் அம்மா:
எல்லாம் சரிங்க. வயசுக்கு வந்த பொண்ணை வீட்டில் வைத்திருக்கிறவளுக்குப் பயம் இருக்கத்தான் செய்யும். நாளைக்கு ஒன்று நடந்தால் எந்த ஊரில் போய் அவனைத் தேடுவது? புள்ளிவிவரமா வந்து நிற்கும்?

முத்தியால்பேட்டை (புதுச்சேரி):
அக்கா, உங்கள் பயத்தை நான் தள்ளவில்லை, எனக்கும் இரண்டு பெண்கள். ஆனால் பாலியல் வன்கொடுமை வழக்குகளில் குற்றம் சாட்டப்பட்டவர் பெண்ணுக்கு ஏற்கெனவே தெரிந்தவராக இருப்பது 100-க்கு 90-க்கும் மேல் என்று அதே காப்பகம் வருஷா வருஷம் சொல்கிறது. உறவுக்காரர், பக்கத்து வீட்டுக்காரர், நண்பர் என்று வந்தவர். மாடியில் இருக்கும் ஒடிசா பையனையே பார்த்துக்கொண்டிருந்தால், வழக்கமாக வந்துபோகிற ஆளைக் கவனிக்காமல் விட்டுவிடுவோம். ஆளைத் தேடுவது எப்படி என்று கேட்டீர்கள், அது நியாயமான கேள்வி. ஆதார் நகல், ஊர் முகவரி, காண்ட்ராக்டர் நம்பர் வாங்கிக்கொண்டு வாடகை ஒப்பந்தம் போடுங்கள், ஸ்டேஷனிலும் விவரத்தைக் கொடுத்து வையுங்கள். பண்ருட்டிக்காரர் குடிவந்தாலும் இதையேதான் கேட்க வேண்டும், அவரிடம் கேட்காமல் இவர்களிடம் மட்டும் கேட்டால் அது பாதுகாப்புக்காகக் கேட்டது ஆகாது.