அலுமினியப் படகு வாங்கியதிலிருந்து பாஸ் மீன் கடிப்பது குறைந்துவிட்டது, சத்தம்தான் காரணமா?

வெருலம் தூண்டில்

எல்லோருக்கும் வணக்கம். நான் தென்னாப்பிரிக்காவில், டர்பனுக்கு வடக்கே வெருலம் பக்கம். ரொம்ப வருடமாக ஹேசல்மியர் அணையிலும் இனாண்டா அணையிலும் பாஸ் பிடிக்கிறேன், முதலில் கரையிலிருந்து, அப்புறம் கயாக் என்கிற சின்னத் துடுப்புப் படகிலிருந்து. போன குளிர்காலத்தில் பழைய அலுமினியப் படகு ஒன்று நல்ல விலைக்கு வந்தது, வாங்கிவிட்டேன். நாலு மீட்டர் நீளம், தட்டையான அடி, பின்னால் டூ ஸ்ட்ரோக் அவுட்போர்டு எஞ்சின், முன்னால் எலக்ட்ரிக் மோட்டார். கயாக்கில் போகும்போது நாணல் ஓரத்தில் இடுப்பளவு தண்ணீரில்கூட மீன் எடுத்திருக்கிறேன். இப்போது அதே இடத்துக்கு, அதே புழுவைப் போட்டுக்கொண்டு படகில் போனால், தூண்டில் விழுவதற்கு முன்னாலேயே நாணலுக்குள்ளிருந்து மீன் கிளம்பி ஆழத்துக்குப் போகிற அலை தெரிகிறது. ஆழமான இடத்தில் அவ்வளவு வித்தியாசம் இல்லை.

என் மைத்துனர் கூட வருவார். பேசாதே, இருமாதே, ரேடியோவை அணை என்று நாள் முழுக்க உயிரை எடுக்கிறார். ஆனால் அவரே பிளையரைத் தரையில் போடுவார், ஐஸ் பெட்டி மூடியைப் படார் என்று சாத்துவார். பேச்சுச் சத்தம் உண்மையிலேயே மீனுக்குக் கேட்கிறதா, இல்லை வேறு எதுவுமா? மீன் காட்டும் கருவியின் டிக் டிக் சத்தம்கூட மீனை விரட்டும் என்று கரையில் ஒருவர் சொன்னார், அதையும் யாராவது தெளிவுபடுத்துங்கள். படகை விற்றுவிட்டு மறுபடி கயாக்குக்கே போகலாமா என்றுகூடத் தோன்றுகிறது.

மாரிட்ஸ்பர்க் மாமா

தம்பி, விற்காதே. உன் மைத்துனர் சொல்வது பாதி சரி, பாதி தலைகீழ்.

பேச்சைப் பொறுத்தவரை கவலையே வேண்டாம். காற்றில் உண்டாகிற சத்தம் தண்ணீரின் மேற்பரப்பில் பட்டு ஏறக்குறைய முழுதும் திரும்பிவிடும், ஆயிரத்தில் ஒரு பங்கு சக்திதான் உள்ளே இறங்கும். நீங்கள் இரண்டு பேரும் கிரிக்கெட்டைப் பற்றிச் சண்டை போட்டாலும் பாஸுக்கு ஒன்றும் ஆகாது. ரேடியோவும் அப்படித்தான், ஆனால் ஸ்பீக்கரைப் படகின் தகட்டில் திருகி வைத்திருந்தால் கதை வேறு.

படகைத் தொட்டு உண்டாகிற சத்தம்தான் விஷயம். பிளையர் விழுகிறது, மூடி சாத்துகிறது, நங்கூரச் சங்கிலி விளிம்பில் உரசுகிறது, பூட்ஸ் போட்டு முன்னும் பின்னும் நடக்கிறீர்கள். இதெல்லாம் காற்று வழியாகப் போவதில்லை, தகட்டிலிருந்து நேராகத் தண்ணீருக்குள் இறங்குகிறது. உன் படகு தண்ணீரில் மிதக்கிற ஒரு தவில், நீங்கள் நிற்பது அதன் தோல்மேல். ஃபைபர் படகில் இதே பிளையர் விழுந்தால் கொஞ்சம் மந்தமாக இருக்கும். தண்ணீரில் ஒலி நொடிக்கு சுமார் 1500 மீட்டர் போகும், காற்றில் போவதைவிட நாலு மடங்குக்கும் மேல். அதனால் நீங்கள் குனிந்து பிளையரை எடுப்பதற்குள் நாணலில் இருக்கிற மீனுக்குத் தகவல் போய்ச் சேர்ந்திருக்கும்.

பாஸ் எதைக் கேட்கும் என்பதும் தெரிந்துகொள். அதன் காதுக்குள் இருக்கிற சிறு கல் ஒலிக்கு அசைவதை வைத்துத்தான் கேட்கிறது. நன்றாகக் கேட்பது தாழ்ந்த ஒலிகளைத்தான், சில நூறு ஹெர்ட்ஸ் வரை. ஆயிரத்தை நெருங்கும்போது ஏறக்குறைய செவிடு. உடம்பின் பக்கவாட்டில் ஓடுகிற கோடு இருக்கிறதே, அது பக்கத்தில் தண்ணீர் அசைவதை உணர்கிற உறுப்பு, கொஞ்ச தூரத்துக்குமேல் அதற்கு வேலை இல்லை. தகட்டில் மிதிக்கிற தடதடப்பும் அவுட்போர்டின் உறுமலும் அது நன்றாகக் கேட்கிற எல்லைக்குள்ளேயே வருகின்றன. மீன் காட்டும் கருவி 200 கிலோஹெர்ட்ஸில் ஓடுவது, 83-ல் ஓடினாலும் அதன் காதுக்கு எட்டாத உயரம். கரையில் இருந்தவர் சொன்னதை விட்டுவிடு.

கெண்டையும் பார்பெல் என்கிற கெளுத்தியும் இதில் வேறு ஜாதி. அவற்றுக்குக் காற்றுப்பையையும் காதையும் இணைக்கிற சின்ன எலும்புகள் உண்டு, பாஸுக்கு அது கிடையாது. கெண்டை பிடிக்கிறவர்கள் மிட்மார் அணைக் கரையில் கோயிலுக்கு வந்த மாதிரி கிசுகிசுவென்று பேசிக்கொண்டு உட்கார்ந்திருப்பதற்குக் கொஞ்சம் நியாயம் இருக்கிறது, ஆனால் அவர்களும் பேச்சைவிட நாற்காலியை இழுப்பதைத்தான் நிறுத்த வேண்டும்.

சாட்ஸ்வொர்த் கிங்

மாமா, மரியாதையோடு சொல்கிறேன், எனக்கு இதில் பாதி நம்பிக்கை இல்லை. இனாண்டாவில் சனிக்கிழமை வந்து பாருங்கள். படகு இறக்குகிற சரிவுக்கு எதிரிலேயே நாள் முழுக்க எஞ்சின் ஓடுகிறது, ஆட்கள் டிரெய்லரைத் தண்ணீருக்குள் தள்ளுகிறார்கள், கத்துகிறார்கள். அங்கே இருக்கிற கற்களில்தான் நான் நல்ல மீன் எடுத்திருக்கிறேன். சத்தம் கேட்டு ஓடுகிற மீனாக இருந்தால் அங்கே ஏன் இருக்கிறது? ராட்டில் போட்ட கிராங்க்பெயிட்டை, அதாவது உள்ளே குண்டு கிலுகிலுக்கிற பொய் மீனை, நாம் எதற்குக் காசு கொடுத்து வாங்குகிறோம்? சத்தம் போட்டால் மீன் வரும் என்றுதானே?

கயாக்கில் பிடித்தவன் படகில் பிடிக்கவில்லை என்றால் சத்தத்தைச் சொல்வதற்கு முன்னால் உயரத்தைப் பாருங்கள். கயாக்கில் உட்கார்ந்திருக்கிறான், படகில் முன்மேடையில் நிற்கிறான். ஜூன், ஜூலையில் தண்ணீர் தெளிந்து கண்ணாடி மாதிரி இருக்கும்போது ஆறடி ஆள் நிழலோடு நாணல் ஓரத்துக்கு வந்தால் எந்த மீன் நிற்கும்? தம்பி, உட்கார்ந்து எறிந்து பார். இன்னும் தூரத்திலிருந்து எறி.

மாரிட்ஸ்பர்க் மாமா

கிங், நிழல் விஷயத்தில் உன்னோடு சண்டை இல்லை, தெளிந்த தண்ணீரில் அது பெரிய காரணம். ஆனால் சரிவுப் பக்கத்து மீனும் நாணல் ஓரத்து மீனும் ஒன்றல்ல. தினமும் ஒரே மாதிரி கேட்டுக்கொண்டே இருக்கிற சத்தத்தை மீன் பழகிக்கொள்ளும், அதனால் தீங்கு வராதவரை. அமைதியாக இருந்த இடத்தில் திடீரென்று விழுகிற ஒரு அடியை எந்த மீனும் பழகாது. ராட்டிலும் அப்படித்தான், அது இரை போகிற வேகத்தில், இரை இருக்கிற உயரத்தில் கிலுகிலுக்கிறது. ஐஸ் பெட்டி மூடி எந்த இரையைப் போல இருக்கிறது சொல்?

கனடாவில் லார்ஜ்மவுத் பாஸை வைத்தே ஒரு ஆய்வு செய்திருக்கிறார்கள், 2008-ல் வெளிவந்தது. மீனின் இதயத்துடிப்பை அளந்துகொண்டு, துடுப்புப் போடுகிற சத்தம், எலக்ட்ரிக் மோட்டார், பெட்ரோல் எஞ்சின் மூன்றையும் கேட்க வைத்தார்கள். மூன்றுக்குமே துடிப்பு ஏறியது, துடுப்புக்குக்கூட. பழைய நிலைக்குத் திரும்ப ஆன நேரத்தில்தான் வித்தியாசம். துடுப்புக்கு சுமார் 15 நிமிடம், எலக்ட்ரிக் மோட்டாருக்கு 25, எஞ்சினுக்கு 40. துடிப்பு ஏறிய மீன் கடிக்காது என்று அந்த ஆய்வு சொல்லவில்லை, கடிப்பதை அவர்கள் அளக்கவே இல்லை. ஆனாலும் நான் அதைப் படித்ததிலிருந்து அவுட்போர்டை நல்ல தூரத்திலேயே அணைத்துவிட்டு, காற்று எந்தப் பக்கம் தள்ளுகிறது என்று பார்த்து மிதந்து வருகிறேன். வந்தவுடன் எறிவதில்லை. ஒரு டீ குடிக்கிறேன், முடிச்சுப் போடுகிறேன். ஃபிளாஸ்க்கை மடியில் வைத்துக்கொள்கிறேன், தகட்டில் இல்லை.

ஃபீனிக்ஸ் கரைக்காரர்

படகுக்காரர்கள் சத்தத்தைப் பற்றிப் பேசுவதைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது, இதை எல்லாப் படகுக்காரர்களும் படிக்க வேண்டும். எனக்கு அறுபது தாண்டிவிட்டது, கரையிலிருந்துதான் பிடிக்கிறேன். விடியற்காலையில் போய் ஒரு மூலையைப் பிடித்து அசையாமல் உட்கார்ந்திருப்பேன், மீன் வந்து ஓரத்தில் மேய ஆரம்பிக்கும், அப்போது ஒருத்தன் முழு வேகத்தில் வந்து என் தூண்டிலுக்கு முப்பது மீட்டரில் எஞ்சினைத் திடீரென்று குறைப்பான், பின்னால் வந்த அலை அவனையும் தூக்கிப்போட்டு என் கால்வரை வந்து அடிக்கும், ஓரமெல்லாம் சேறு. அப்புறம் கையை ஆட்டி, "என்ன அண்ணே, ஏதாவது கிடைத்ததா?" என்று கேட்பான். என்ன பதில் சொல்ல?

அலை அடித்துச் சேறு கலங்கினால் சில நேரம் மீன் சுறுசுறுப்பாகும் என்று சிலர் சொல்கிறார்கள், புழுவும் நண்டும் வெளியே வருமாம். காற்று ஒரே கரையில் நெடுநேரம் அடித்தால் அப்படி ஆவதை நானும் பார்த்திருக்கிறேன். ஒரு படகு ஒரு தடவை அடித்துவிட்டுப் போனால் அப்படி ஆனதே இல்லை.

இன்னொன்று சொல்ல வேண்டும். இந்த மீனும் நம்மைப் போல வெளியிலிருந்து வந்ததுதான். நம் முன்னோர் 1860-ல் கரும்பு வெட்ட வந்தார்கள், பாஸ் 1928-ல் வந்தது. வந்த இடத்தில் காலூன்றிய மீன் சும்மா அசட்டையாக இருக்காது. செப்டம்பர், அக்டோபரில் கூடு கட்டி முட்டையைக் காக்கிற ஆண் மீன் மட்டும் எந்தச் சத்தத்துக்கும் அவ்வளவு சுலபத்தில் விலகாது, விலகினாலும் உடனே திரும்பிவரும். அந்த மாதத்தில் பிடித்துவிட்டு, சத்தத்தால் ஒன்றும் ஆகாது என்று கணக்குப் போடாதீர்கள். அதுவும் கூட்டிலிருந்து எடுக்கிற மீனை உடனே விட்டுவிடுங்கள், இல்லையென்றால் முட்டையைச் சின்ன மீன்கள் தின்றுவிடும்.

வெருலம் தூண்டில்

ஐயா, நான் அப்படி வேகமாக வருகிற ஆள் இல்லை, சத்தியமாக. மாமாவுக்கும் கிங்குக்கும் நன்றி. இரண்டு கேள்வி. ஒன்று, எலக்ட்ரிக் மோட்டாரில் ஒரே இடத்தில் நிற்க வைக்கிற வசதி இருக்கிறது, அதைப் போட்டால் மோட்டார் தானாக விட்டு விட்டு ஓடுகிறது. அது பரவாயில்லையா? இரண்டாவது, தகட்டின் மேல் எதைப் போட்டால் சத்தம் குறையும்? பலகையா, கார்பெட்டா?

சாட்ஸ்வொர்த் கிங்

மோட்டார் விஷயம் நான் சொல்கிறேன், இதில் மாமாவும் என் கட்சிதான் என்று நினைக்கிறேன். விட்டு விட்டு ஓடுவது மோசம். குறைந்த வேகத்தில் ஒரே சீராக ஓடவிட்டால் அந்த ம்ம்ம் என்கிற சத்தத்தை மீன் கண்டுகொள்வதில்லை, பட்டென்று வேகம் கூட்டும்போதுதான் போகிறது. காற்று அடிக்கிற நாளில் ஒரே இடத்தில் நிறுத்தினால் மோட்டார் முழு பலத்தில் திணறும். ஆழத்தில் பரவாயில்லை, நாணல் ஓரத்தில் வேண்டாம். அங்கே கம்பை ஊன்றி நிறுத்து, அல்லது நங்கூரத்தைக் கையால் மெதுவாக இறக்கு. தூக்கி எறியாதே. சங்கிலிமேல் பழைய சைக்கிள் டியூபை இழுத்துப் போட்டுவிடு.

மோட்டாரின் விசிறியையும் கழற்றிப் பார். நைலான் நூல் தண்டில் சுற்றியிருந்தால் சத்தம் வரும், அதோடு தண்ணீர் புகாமல் தடுக்கிற சீல் வளையத்தையும் வெட்டிவிடும். இனாண்டாவில் ஆகாயத்தாமரை இருக்கிற பக்கம் போய் வந்தால் எப்படியும் ஏதாவது சுற்றியிருக்கும். விளிம்பு உடைந்த விசிறி தனியாக ஒரு நடுக்கம் கொடுக்கும், அரத்தால் லேசாகத் தேய்த்துச் சரிசெய்யலாம்.

நிழலை மறந்துவிடாதே. உட்கார்ந்து எறி.

மாரிட்ஸ்பர்க் மாமா

கிங் சொன்னது சரி. தரைக்கு வருகிறேன். முதலில் எங்கே தகடு தகட்டோடு தட்டுகிறது என்று கண்டுபிடி. படகை டிரெய்லரில் வைத்து ரப்பர் சுத்தியலால் ஒவ்வொரு இடமாகத் தட்டிக்கொண்டு போ, கலகலவென்று சத்தம் வருகிற இடத்தைச் சாக்பீஸால் குறித்துக்கொள். பேட்டரிப் பெட்டி, பெட்ரோல் டேங்க், பெட்டி மூடிகள், இவற்றுக்குக் கீழே ரப்பர் கொடுத்தாலே பெரும்பகுதி போய்விடும். மூடிகளின் ஓரத்தில் கதவுக்கு ஒட்டுகிற நுரை நாடா போதும், விலை அதிகமில்லை. மீனைப் போட்டு வைக்கிற தொட்டியின் பம்பு தகட்டில் திருகியிருந்தால் அதற்கும் ஒரு ரப்பர் துண்டு வேண்டும், தண்ணீர் ஆழமில்லாத இடத்தில் அதை அணைத்தே வை.

நடக்கிற இடத்துக்கு யோகா பாய் மாதிரி இருக்கிற நுரை ரப்பர் விரிப்பு நல்லது. கார்பெட்டும் சத்தத்தைக் குறைக்கும், ஆனால் தண்ணீரைக் குடித்துக்கொண்டு நாட்கணக்கில் ஈரமாகவே கிடக்கும், கொக்கி மாட்டினால் எடுக்கவும் முடியாது.

பலகை போடுவதாக இருந்தால் ஒன்று சொல்கிறேன், இதைக் கவனமாகக் கேள். ஹார்டுவேர் கடையில் வேலிக்கும் தோட்டத்துக்கும் விற்கிற, மருந்து ஏற்றிய பச்சை நிறப் பைன் பலகையை வாங்காதே. அதில் தாமிரம் இருக்கிறது. ஈரத்தோடு அலுமினியத்தில் பட்டுக்கொண்டே இருந்தால் தகட்டை அரித்துப் பொத்தலாக்கிவிடும். மருந்து ஏற்றாத மரைன் பிளைவுட் வாங்கி, எல்லாப் பக்கமும், வெட்டிய ஓரங்களிலும் எபாக்ஸி பிசின் பூசி, காய்ந்த பிறகு ஸ்டெயின்லெஸ் திருகு போட்டு மாட்டு. திருகு தகட்டைத் தொடுகிற இடத்தில் நைலான் வாஷர் வை. பழைய சொந்தக்காரர் ஏற்கெனவே ஏதாவது பலகை போட்டிருந்தால் முதலில் அதைத் தூக்கி அடியில் பார், அரிப்பின் அடையாளமாக வெள்ளையாகப் பொடி படிந்திருந்தால் படம் எடுத்து இங்கே போடு.